பட்டத் தேர்வில் தோற்பது மாணவர் மட்டுமா?

2025 ஆகஸ்ட் 28 அன்று கல்கத்தா பல்கலைக்கழகத்தில் திட்டமிட்டபடி தேர்வு நடந்தது. தேர்வு நடந்ததே செய்தியாகும் நிலையில்தான் மேற்கு வங்கத்தின் உயர்கல்வி இருக்கிறது. அன்று திரிணாமூல் மாணவர் அமைப்பின் நிறுவன நாள். கொல்கத்தாவில் அவர்களின் பெருங்கூட்டம். தேர்வை வேறு நாளுக்கு மாற்றுமாறு மாநில உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டது. பொறுப்புத் துணைவேந்தரும் சிண்டிகேட்டும் மறுத்தனர். பி.காம்., சட்டம் ஆகிய படிப்புகளின் நான்காம் செமஸ்டர் தேர்வுகள் அறிவித்த நாளிலேயே நடந்தன. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்து எழுதினர்.

ஆளுங்கட்சியின் கூட்டத்துக்கும் தங்கள் தேர்வுக்கும் இடையே மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் ஐயம் இல்லை. ஆயினும், தேர்வு முடிவுகள் மோசமாக வரும்போதெல்லாம் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்க வரவேற்பறைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரே விளக்கம்தான் ஒலிக்கிறது: இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை, உழைப்பதில்லை, கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள். இந்த விளக்கம் ஆள்பவர்களுக்கு மிகவும் வசதியானது. தோல்வியை முழுக்க மாணவரின் தலையில் சுமத்திவிட்டால், வகுப்பு நடந்ததா, ஆசிரியர் இருந்தாரா, நூலகம் திறந்திருந்ததா என்ற கேள்விகள் எழாமலே போய்விடும்.

2018 ஜனவரியில் வெளியான பி.ஏ. முதல் பகுதித் தேர்வு முடிவுகளை நினைவில் கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு பகுதியாக மூன்று பகுதிகளில் பட்டத் தேர்வு நடந்த கடைசிக் காலம் அது. அந்த ஆண்டு தேர்ச்சி விதிகள் கடுமையாக்கப்பட்டிருந்தன. பி.ஏ. எழுதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தோற்றனர். காலேஜ் ஸ்ட்ரீட் வளாகத்தில் மாணவர்கள் திரண்டு போராடினர். அன்றைய கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி தலையிட்டார். சில நாள்களில் பல்கலைக்கழகம் பின்வாங்கியது; பழைய விதியின்படியே தேர்ச்சி கணக்கிடப்படும் என்று அறிவித்தது. தோற்றவர்களில் ஏராளமானோர் ஒரே கையெழுத்தில் தேறியவர்கள் ஆனார்கள். போராட்டம் வென்றது என்று கொண்டாடினார்கள்.

அந்த வெற்றியைச் சற்று உற்று நோக்க வேண்டியிருக்கிறது. விதி மாறியது; வேறெதுவும் மாறவில்லை. நிரந்தர ஆசிரியர் பணியிடம் ஒன்றுகூட அதனால் நிரம்பவில்லை. ஒரு வகுப்பு கூடுதலாக நடக்கவில்லை. பாதிப் பேர் ஏன் தோற்றார்கள் என்று ஆராய அரசுக்கு இருந்த கட்டாயமும் மறைந்தது. மாணவர்களுக்குத் தேர்ச்சி கிடைத்தது. அரசுக்கு மன்னிப்பு கிடைத்தது. இந்தப் பேரத்தில் யார் அதிகம் பெற்றார்கள்?

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிய காட்சி அன்று. 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றின் நடுவே, அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தாலே தேர்ச்சி என்று அன்றைய அதிமுக அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி கூறிச் சுவரொட்டிகள் முளைத்தன. பின்னர் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேர்வு நடத்தியாக வேண்டும் என்றாயிற்று. தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் அரியர் தாளும் இலவசப் பொருள்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது என்பதே அதன் அரசியல். பொறியியல் கல்லூரிகளில் அத்தனை இலட்சம் அரியர்கள் எப்படிக் குவிந்தன என்ற கேள்வியை எழுப்பியவர்கள் சிலரே.

பாடம் நடத்துவதைவிடத் தேர்வு நடத்துவதையே பெரிதாகக் கருதும் நோய் இந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் பிறவியிலேயே வந்தது. 1857 ஜனவரி 24 அன்று கல்கத்தா பல்கலைக்கழகம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது; அதே ஆண்டில் பம்பாயும் சென்னையும் தொடர்ந்தன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். மூன்றுமே பாடம் நடத்துவதற்காக உருவானவை அல்ல. கல்லூரிகளில் படித்தவர்களைத் தேர்வெழுத வைத்துப் பட்டம் வழங்கும் அலுவலகங்களாகவே பிறந்தன. காலனி அரசுக்கு வேண்டியிருந்தவர்கள் எழுத்தர்களும் துணை நீதிபதிகளும். அவர்களைப் பொறுக்கியெடுக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது.

1858இல் கல்கத்தாவின் முதல் பி.ஏ. தேர்வு நடந்தபோது, எழுதியவர்களில் ஒருவர்கூட எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் நன்கு தேறி, ஒன்றில் மட்டும் ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாமல் குறைந்திருந்த இருவருக்குச் சிறப்புச் சலுகையாகக் கருணை மதிப்பெண் வழங்கி, இரண்டாம் வகுப்பில் பட்டம் கொடுத்தார்கள். ஒருவர் யதுநாத் போஸ். மற்றவர், பிற்காலத்தில் ‘ஆனந்த மடம்’ எழுதிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. இன்று கருணை மதிப்பெண் என்றதும் கல்வித் தரம் சரிந்துவிட்டதாக அலறுவோர் இந்த ஒரு தகவலையாவது அறிந்துகொள்ள வேண்டும். வந்தே மாதரத்தைத் தேசபக்திக்கான அளவுகோலாக்கி அடுத்தவரைச் சோதிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதை இயற்றியவரே ஒரு தாளில் தவறியவர்தான். சென்னையில் முதல் பி.ஏ. பட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம்பிள்ளைக்கும் கறோல் விசுவநாதபிள்ளைக்கும் கிடைத்தது. தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத் தேர்வு அவரிடம் கேட்காத வேலை அது.

அந்தச் சல்லடை பெரும்பாலோரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. ‘பி.ஏ. ஃபெயில்’ என்பதைப் பெயருக்குப் பின்னால் ஒரு தகுதியாகவே போட்டுக்கொண்ட தலைமுறைகள் வங்கத்திலும் இருந்தன, சென்னை மாகாணத்திலும் இருந்தன. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் குறைகளை ஆராய 1917இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 1919இல் வந்த அதன் பல தொகுதிகள் கொண்ட அறிக்கை, கற்பித்தல் தேர்வுக்கு அடிமைப்பட்டுக் கிடப்பதை முதன்மை நோயாகக் குறித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த நோய்க்கு மருந்து கொடுக்கப்படவில்லை.

உழைப்பைப் பற்றிப் பேசுவோர் மேக்நாத் சாஹாவைப் பற்றியும் பேச வேண்டும். டாக்கா அருகே சிறு மளிகைக் கடைக்காரரின் மகன்; சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பம். வங்கப் பிரிவினைக் காலத்தில், ஆளுநரின் வருகைக்கு எதிரான மாணவர் எதிர்ப்பில் பங்குகொண்டதாகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு உதவித்தொகையையும் இழந்தார். கொல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் தங்கிப் பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது, உயர்சாதி மாணவர்கள் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். 1915இல் எம்.எஸ்சி. தேர்வில் சத்யேந்திரநாத் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். போஸ் பெற்ற மதிப்பெண்ணும் சாஹா பெற்ற மதிப்பெண்ணும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து அச்சானபோது, அந்த இரண்டாம் இடத்துக்காக ஒருவர் கூடுதலாகக் கடந்துவந்த தொலைவு எந்தப் பத்தியிலும் பதிவாகவில்லை. விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் சமன்பாட்டை உலகுக்குத் தந்த அதே சாஹாதான் 1952 பொதுத் தேர்தலில் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக நின்று, கொல்கத்தாவிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

சாஹாவைக் காட்டி, ‘அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எத்தனை சாஹாக்கள் அந்த விடுதியின் வாயிலிலேயே திரும்பிப் போனார்கள்?

மதிப்பெண் ஓர் ஆயுதமாகவும் பயன்பட்டிருக்கிறது. 1883இல் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் கல்கத்தாவின் முதல் பெண் பட்டதாரிகள் ஆயினர். காதம்பினி, பின்னாளின் காதம்பினி கங்குலி, அடுத்து மருத்துவம் படித்தார். இறுதித் தேர்வில் ஒரு தாளில் தோற்கடிக்கப்பட்டதால் எம்.பி. பட்டத்துக்குப் பதிலாக வேறொரு சான்றிதழே 1886இல் அவருக்குக் கிடைத்தது. பெண்கள் மருத்துவம் படிப்பதை எதிர்த்த ஒரு பேராசிரியரே அதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது. தேர்வாளரின் பேனாவுக்கு மேல் முறையீடு இல்லாத காலம் அது.

அந்தக் காலம் முடிந்துவிட்டதா? 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்ட பிறகு எழுந்த மாபெரும் இயக்கத்தில், இளம் மருத்துவர்கள் ஒரு சொல்லை நாடெங்கும் கொண்டுசென்றனர்: ‘அச்சுறுத்தல் பண்பாடு’. ஆளுங்கட்சிக்கு நெருக்கமான கும்பல்கள் மருத்துவக் கல்லூரிகளை ஆண்டன, பணியாத மாணவர்களைத் தேர்வில் தோற்கடிப்போம் என்று மிரட்டின, வேண்டியவர்களுக்கு மதிப்பெண்ணை வாரி வழங்கின என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள். கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது தற்செயல் அன்று. மேற்கு வங்கத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் 2017க்குப் பிறகு மாணவர் பேரவைத் தேர்தலே நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை இல்லாத இடத்தில் மதிப்பெண் அநீதியை எதிர்த்துக் கேட்க மாணவர் எங்கே போவார்?

இவ்வளவும் சொல்லும்போது இடதுசாரிகள் தங்கள் கணக்கையும் திறந்து வைக்க வேண்டும். 1970இல் தேர்வுப் புறக்கணிப்பு என்பது புரட்சிகர முழக்கமாக முன்வைக்கப்பட்டது. முதலாளித்துவக் கல்வியின் தேர்வை எழுதுவதே துரோகம் என்று கருதிய இளைஞர்கள் கொல்கத்தாவில் இருந்தனர். அவர்களில் பலர் மிகச் சிறந்த மாணவர்கள், பலர் காவல்துறையின் குண்டுகளுக்கும் சித்திரவதைக்கும் பலியானவர்கள். ஆனால், அந்தப் புறக்கணிப்பின் நடுவே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் தேர்வுகளை நடத்தியே தீருவது என்று நின்ற துணைவேந்தர் கோபால் சென், 1970 டிசம்பர் 30 அன்று, ஓய்வுபெறுவதற்கு முதல் நாள், வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். பழி நக்சல்பாரி ஆதரவு இளைஞர்கள் மீது விழுந்தது. அந்தப் படுகொலையால் ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்கும் கல்வி கிடைத்துவிடவில்லை.

தொடர்ந்து வந்த சித்தார்த்த சங்கர் ரேயின் காங்கிரஸ் ஆட்சியில் தேர்வு வேறொரு விதத்தில் செத்தது. வங்க மொழியில் ‘கண டோகாடுகி’ என்பார்கள். திரள் திரளாகப் பார்த்து எழுதுதல். புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்து எழுதினார்கள். தடுத்த கண்காணிப்பாளர் வீடு திரும்புவது உறுதி இல்லை. தேர்வுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின, முடிவுகள் இன்னும் தாமதித்தன. அந்த ஆண்டுகளில் வாங்கிய பட்டத்தை வேலைக்கு எடுப்பவர்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். பணமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிழைக்க வேறு வழிகள் இருந்தன. பட்டத்தை மட்டுமே நம்பியிருந்த அகதிக் குடியிருப்புகளின் பிள்ளைகள்தான் அந்த மதிப்பிழப்பின் முழு விலையையும் கொடுத்தார்கள். 1977க்குப் பின் இடது முன்னணி தேர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது, ஆசிரியர் ஊதியத்தை உறுதி செய்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழக நியமனங்களில் கட்சியின் கை நீண்டது என்ற விமர்சனமும் எழுந்தது. அதை வெறும் முதலாளித்துவப் பத்திரிகைகளின் அவதூறு என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று திரிணாமூலின் கல்லூரி ஆதிக்கத்தை எதிர்க்கும்போது மக்கள் அந்தப் பழைய கணக்கையும் நினைவூட்டுகிறார்கள்.

எளிய தேர்வு ஏழை மாணவருக்கு ஆதரவானது என்ற எண்ணம் நம்மிடையேயும் ஓரளவு பரவியிருப்பதால்தான் இதையெல்லாம் சொல்ல நேர்கிறது. பெருந்தொற்றுக் கால நிகழ்வுகள் இந்த எண்ணத்தை நன்கு சோதித்துக் காட்டின. 2020 ஜூலையில், இறுதிப் பருவத் தேர்வைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. முந்தைய செமஸ்டர்களின் மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் அகமதிப்பீட்டுக்கு 20 விழுக்காடும் தந்து முடிவு அறிவிக்கலாம் என்ற மாநிலத்தின் யோசனை செல்லாமல் போயிற்று. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும், தேர்வு இல்லாமல் பட்டம் வழங்க மாநிலங்களுக்கு உரிமையில்லை என்றது. அக்டோபரில் கல்கத்தா பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தே புத்தகம் பார்த்து எழுதும் தேர்வை நடத்தியது. விடை அனுப்ப 24 மணி நேரம் என்று முதலில் சொன்னதை மானியக் குழு எதிர்த்தது. பிறகு தேர்வுக்கு இரண்டு மணி நேரமும், தாளை இறக்கி ஏற்ற அரை மணி நேரமும் என்றாயிற்று.

அந்த அரை மணி நேரத்தைச் சுந்தரவனத்தின் ஒரு தீவிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். மே 20 அன்று உம்பன் புயல் அங்கே வீடுகளையும் மின்கம்பங்களையும் சாய்த்துச் சென்றிருந்தது. புறநகர் ரயில்கள் நவம்பர் 11 வரை ஓடவில்லை. கானிங், லட்சுமிகாந்தபூர், நாம்கானா தடங்களில் சியால்தாவுக்கு வந்து கொல்கத்தாவில் படித்த மாணவருக்கு நகரம் எட்டாத தூரமாகிவிட்டது. அலைவரிசை கிடைக்கும் கரையைத் தேடிப் போய் விடைத்தாளை அனுப்பவேண்டியவருக்கும் பாலிகஞ்ச் மாடி வீட்டில் தடையில்லா இணையத்தோடு எழுதியவருக்கும் ஒரே கடிகாரம். தேர்வை எளிதாக்கியதாகச் சொல்லப்பட்ட ஏற்பாடு யாருக்கு எளிதாக இருந்தது என்பது வெளிப்படை.

2022இல் நிலைமை தலைகீழானது. கல்லூரிகள் திறந்த பிறகும் தேர்வை இணையவழியிலேயே நடத்து என்று மாணவர்களில் ஒரு பகுதியினர் காலேஜ் ஸ்ட்ரீட்டில் போராடினர். பாடத்திட்டம் முடியவில்லை, வகுப்பு இணையத்தில் நடந்தது, தேர்வு மட்டும் ஏன் நேரில் என்பது அவர்களின் வாதம். ஜூன் மாதத்தில் பல்கலைக்கழகம் நேரடித் தேர்வே என்று முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானது. ஆனால் மாணவர்களின் வாதத்தில் இருந்த உண்மைப் பகுதிக்கு அது பதில் சொல்லவில்லை. பாடத்திட்டம் முடியவில்லை என்றால் அதை முடிக்கக் கூடுதல் வகுப்பு கேட்டுப் போராட வேண்டும். ‘வகுப்பு நடத்து, பிறகு தேர்வு வை’ என்ற முழக்கம் அன்று தெருவில் வலுவாக ஒலித்திருக்க வேண்டும். இடதுசாரி மாணவர் இயக்கத்தின் இடம் அதுதான்.

இப்போது நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2018இல் கல்கத்தா பல்கலைக்கழகம் செமஸ்டர் முறைக்கு மாறியது. ஆண்டுக்கு ஒருமுறை வந்த தேர்வு இருமுறை வருகிறது. சேர்க்கை, பண்டிகை விடுமுறை, தேர்தல் பணி, தேர்வு நடத்துதல், திருத்துதல் என்று கழித்துக்கொண்டே போனால் பாடத்துக்கு எஞ்சும் நாள்கள் சொற்பம். 2023இல் புதிய கல்விக் கொள்கையின் நான்காண்டுப் பட்டமும் வந்தது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம் என்று அது படிப்பை இடையில் விடுவதற்கே ஒரு பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. மோடி அரசின் கொள்கையை மேடையில் எதிர்த்த மம்தா அரசு கல்லூரியில் அதையே நடைமுறைப்படுத்தியது. வகுப்புகளைத் தாங்கிப் பிடிப்பவர்களில் பெரும்பகுதியினரோ ‘அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்’ என்ற பெயரில், நிரந்தரப் பேராசிரியரின் ஊதியத்தில் சிறு பகுதியை மட்டும் பெறுபவர்கள். பல்கலைக்கழகமே 2022க்குப் பின் சுமார் மூன்றாண்டுகள் முழுநேரத் துணைவேந்தர் இல்லாமல் ஓடியது. ஆளுநரும் மாநில அரசும் நாற்காலிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர்.

இத்தனையையும் கடந்து பட்டம் வாங்கியவர் என்ன ஆகிறார்? பள்ளி ஆசிரியர் பணிக்கான 2016ஆம் ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களில் முறைகேடு நடந்தது நிரூபணமாகி, 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் 25,753 பேரின் பணி நியமனங்களை ரத்து செய்தது. இலஞ்சம் கொடுக்காமல் தேறியவர்களும் அதில் சிக்கினார்கள். தகுதி பெற்றும் பணி கிடைக்காதவர்கள் மேயோ சாலையில் காந்தி சிலையருகே உட்கார்ந்திருந்தார்கள். 2023 டிசம்பர் 9 அன்று, ஆயிரமாவது நாளில், ஒரு பெண் அங்கேயே தலையை மழித்துக்கொண்டார். ஊழலில் 2022 ஜூலையில் கைதானவர் யார்? 2018இல் தோற்ற மாணவர்களுக்குப் பெருந்தன்மையோடு தேர்ச்சி வாங்கிக் கொடுத்த அதே பார்த்தா சட்டர்ஜி. அவருக்கு நெருக்கமானவரின் அடுக்ககங்களில் எண்ணப்பட்ட ரொக்கம் சுமார் 50 கோடி ரூபாய். கல்லூரியில் இலவசமாகத் தேர்ச்சி. பள்ளிக்கூட வேலைக்கு விலைப்பட்டியல். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. முதலாவதை வாங்கியவரிடம் இரண்டாவதைக் கேட்க வலு இருக்காது என்பதை ஆள்பவர்கள் நன்றாக அறிவார்கள். உழைத்துப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையை அரசே உடைத்த பிறகு, மாணவர் ஏன் உழைப்பதில்லை என்று கேட்க அந்த அரசுக்கு என்ன தகுதி இருக்கிறது?

மாணவர்கள் கையில் ஆயுதமே இல்லை என்பதில்லை. பட்டத் தேர்வில் ஒரு தாளில் எதிர்பாராத அளவு குறைந்த மதிப்பெண் பெற்ற பிரசிடென்சி கல்லூரிக் கணித மாணவர் ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தன் விடைத்தாளைக் காட்டுமாறு கல்கத்தா பல்கலைக்கழகத்தைக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. அவர் உயர் நீதிமன்றம் சென்றார். 2008இல் தனி நீதிபதியும் 2009இல் அமர்வும் அவர் பக்கம் நின்றன. 2011 ஆகஸ்ட் 9 அன்று, இதுபோன்ற வழக்குகளில், திருத்திய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. காதம்பினிக்குக் கிடைக்காத அந்த உரிமை, ஒரு கொல்கத்தா மாணவரின் பிடிவாதத்தின் வழியாகவும் இந்த நாட்டின் எல்லா மாணவர்களுக்கும் வந்து சேர்ந்தது. சென்னையிலும் மதுரையிலும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுமுன் விடைத்தாளைப் பார்க்கக் கேட்கும் மாணவருக்கு இந்த வரலாறு தெரிந்திருப்பதில்லை.

இதே சட்டத்தின்கீழ், ஒரு கல்லூரியில் ஒரு செமஸ்டரில் எத்தனை நாள் வகுப்பு நடந்தது, ஒவ்வொரு துறையிலும் எத்தனைப் பணியிடம் காலி, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஒரு தேர்வாளர் எத்தனை விடைத்தாள்களை எத்தனை நாளில் திருத்தினார் என்பவற்றையும் கேட்க முடியும். அடுத்த செமஸ்டர் முடிவுகள் வெளியாகும் நாளில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அருகில் இந்த எண்களையும் கல்லூரி வாயிலில் எழுதி ஒட்டும் வேலையை மாணவர் அமைப்புகள் இந்த மாதமே தொடங்கலாம். பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு விண்ணப்பத் தாளும் போதும்.